புகைச்செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கோட்டினஸ் என்கிற புகைச்செடியை நடுகிறவர்கள் இரண்டு காட்சிகளை எதிர்பார்த்து நடுகிறார்கள். கோடையில் புதரைச் சுற்றிப் புகை தேங்கி நிற்பது போலத் தெரியும் பூங்கொத்துகள் ஒன்று. இலையுதிர்காலத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகத் தகதகக்கும் இலைகள் இன்னொன்று. இரண்டும் வராமல் ஒரு சாதாரணப் பச்சைப் புதர் நின்றுகொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. உரமூட்டையைப் பிரிக்கத் தோன்றும். அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

தெற்கு ஐரோப்பாவிலிருந்து இமயமலை வழியாகச் சீனா வரை, கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த வறண்ட சரிவுகளில் தானாக வளர்கிற புதர் இது. பசித்து வளர்ந்த பழக்கம் உள்ள செடி. ரோஜாவுக்குச் செய்யும் உபசாரத்தை இதற்கும் செய்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை போல ஆகிவிடும்: உடம்பு மட்டும் வளரும், வேறொன்றும் வராது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இப்படி வந்தவைதான்.

எதையும் தொடுவதற்கு முன் செடியை ஒருமுறை சுற்றி வந்து மூன்று விஷயம் பாருங்கள். அறிகுறி செடி முழுவதும் இருக்கிறதா, ஒரு பக்கம் அல்லது ஒரு கிளையில் மட்டும் இருக்கிறதா? எந்த மாதத்தில் தொடங்கியது? கடந்த ஓராண்டில் செடியைச் சுற்றி என்ன மாறியது: புதுப் புல்தரை, தோண்டிய வாய்க்கால், உயர்ந்துவிட்ட பக்கத்து மரம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நோய்க்குப் பெயர் வைப்பது சுலபம். முதல் கேள்விக்குப் பதில் “ஒரு கிளையில் மட்டும்” என்றால், மற்றதெல்லாம் அப்புறம். நேராக வாடல் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

இலையுதிர்காலம் வந்தும் நிறம் வரவில்லை

இது ஒரே புகார் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேறு புகார்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்காவிட்டால் தவறான மருந்து கொடுப்போம்.

முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். நாட்கள் குறுகத் தொடங்கியதும் செடி இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, பயன்படும் சத்தைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சள் கோடை முழுவதும் அங்கேயே இருந்ததுதான். சிவப்பு அப்படியில்லை. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை இலை அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்கிறது. அதற்கு இலையில் சர்க்கரை தேங்க வேண்டும், மேலே வெயில் விழ வேண்டும். பகலில் நல்ல வெயில் அடித்து, இரவு உறைபனி இல்லாமல் குளிர்ந்தால் சர்க்கரை இலையை விட்டு வெளியேறுவது மெதுவாகிறது, சிவப்பு ஏறுகிறது.

வெயிலுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாகச் சிவந்த கிளையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இரண்டு இலைகளைத் தேடுங்கள். மேல் இலையை மெதுவாக விலக்கினால், கீழ் இலையின் சிவப்பில் மேல் இலையின் உருவம் மஞ்சளாக அச்சுப் பதிந்திருக்கும். ஒரே இலைதான், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் சிவப்பு வரவில்லை. இதைப் பார்த்த பிறகு “கொஞ்சம் நிழல் இருந்தால் பரவாயில்லையா?” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி மூன்று புகார்கள்.

மங்கிய மஞ்சளோடு நின்றுவிடுகிறது, சிவப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதுவும் இலையுதிர்காலத்தில், சூரியன் தாழ்ந்து வரும் நாட்களில் கணக்கிட வேண்டும். கோடையில் முழு வெயிலில் நின்ற செடி, சூரியன் சாய்ந்ததும் சுவரின் நிழலுக்குள் போய்விடலாம். புதரின் வெளிப்பக்கம் சிவந்து உள்பக்கம் மஞ்சளாக இருந்தால் அது இயல்பு. தெற்கு முகம் சிவந்து வடக்கு முகம் வெளிறியிருந்தாலும் (பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தால் திருப்பிப் படியுங்கள்) இயல்புதான்.

பச்சையாகவே இருந்து, ஒரு பனி இரவில் கறுத்துத் தொங்கிப் பழுப்பாக உதிர்ந்துவிட்டது என்றால், குளிர் வந்தபோது செடி இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். காரணம் பெரும்பாலும் தழைச்சத்து. இந்த ஆண்டு வளர்ந்த தண்டை அளந்து பாருங்கள். கவாத்து செய்யாத முதிர்ந்த செடி ஆண்டுக்கு ஒன்றிரண்டு அடி நீண்டால் தாராளம். மூன்று நான்கு அடி கொழுத்த தண்டு, பெரிய மெத்தென்ற இலை, நுனியில் அப்போதும் கொழுந்து என்றிருந்தால் செடி அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது. “நான் உரமே போடவில்லையே” என்பீர்கள். பக்கத்திலிருக்கும் புல்தரைக்குப் போட்டிருப்பீர்கள். புதரின் வேர் கிளை விரிவுக்கு வெளியேயும் போகும். புல்லுக்குப் போட்ட உரமும் தெளிப்பான் தண்ணீரும் அதற்கும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டு எந்த உரமும் வேண்டாம். புல்தரைக்கு உரம் போடும்போது புதரைச் சுற்றி ஓர் ஆள் நீளம் விட்டுவிடுங்கள். கோடை முடிகிற வாரங்களில் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையின் பிற்பகுதியில் கவாத்து செய்தாலும் இதே கதைதான்: புதுத் தளிர் கிளம்பி, முற்றாமல் பனியில் மாட்டும்.

மூன்றாவது வகையில் கோடை முடிவதற்குள்ளேயே சிவந்துவிடும். பார்க்க அழகாக இருப்பதால் யாரும் புகாராகச் சொல்வதில்லை. ஆனால் பக்கத்துச் செடிகளெல்லாம் பச்சையாக இருக்க, இது மட்டும் ஐந்தாறு வாரம் முந்திக்கொண்டால் அது வேரிலிருந்து வருகிற முறையீடு. மண் காய்ந்திருக்கிறதா, நீர் தேங்குகிறதா, அடித்தண்டைச் சுற்றிக் கயிறோ பெயர்ப்பட்டையின் கம்பியோ இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி இறுக்கிய கிளைகளை நானே வெட்டி எடுத்திருக்கிறேன். நட்ட அன்றைக்கே அதைக் கழற்றிவிடுவது நல்லது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் வகையைப் பாருங்கள். எல்லாப் புகைச்செடியும் ஒரே மாதிரி சிவப்பதில்லை. நிறத்தில் முந்தி நிற்பது அமெரிக்கப் புகைமரம், அதாவது கோட்டினஸ் ஒபோவேட்டஸ். அதையும் சாதாரண இனத்தையும் கலந்து இங்கிலாந்தின் ஹில்லியர் நாற்றுப்பண்ணையில் பீட்டர் டம்மர் உருவாக்கிய ‘கிரேஸ்’ வகையும் நன்றாகச் சிவக்கும், இலையும் பெரிது. ‘ராயல் பர்ப்பிள்’ கோடை முழுவதும் கருஞ்சிவப்பாக இருப்பதால் கடைசியில் வரும் சிவப்பு அத்தனை பெரிய மாற்றமாகத் தெரியாது. ‘கோல்டன் ஸ்பிரிட்’ பொன்மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும். விதையிலிருந்து வந்த பெயரில்லாச் செடி எப்படி நிறம் மாறும் என்பது அதன் அதிர்ஷ்டம். நடப்போகிறவர்கள் செடியை இலையுதிர்காலத்தில் நேரில் பார்த்து எடுப்பதே என் கட்சி.

வானிலை நம் கையில் இல்லை. வெதுவெதுப்பான, மேகமூட்டமான, மழை நிறைந்த இலையுதிர்காலத்தில் எந்தச் செடியும் சுமாராகத்தான் நிறம் காட்டும். ஓர் ஆண்டு ஏமாற்றத்துக்காகச் செடியை இடம் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்காலமே இல்லாத ஊரில் மட்டும் எத்தனை ஆண்டு பார்த்தாலும் பயனில்லை. இலையை உதிர்த்து உறங்க இந்தச் செடிக்குக் குளிர் வேண்டும்.

கருஞ்சிவப்பு இலை பச்சையாகிவிட்டது

செடி முழுவதும் மெல்ல மெல்லப் பச்சை கலந்த பழுப்புக்குப் போனால் நிழல்தான் காரணம். கருஞ்சிவப்பும் அதே ஆந்தோசயனின். வெயில் இல்லாமல் அது நிலைக்காது. பக்கத்து மரம் ஆண்டுக்கு ஓர் அடி உயர்வது நம் கண்ணுக்குத் தெரியாது, இலைக்குத் தெரியும்.

வசந்தத்தில் வந்த இலை மட்டும் கோடை நடுவில் சற்று மங்கி, நுனித் தளிர் நல்ல நிறத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வயதான இலை அப்படித்தான்.

தூரிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு போத்து சுத்தப் பச்சையாக இருந்து, மற்றதெல்லாம் கருஞ்சிவப்பாக இருந்தால் விஷயம் வேறு. அது ஒட்டுச்செடியாக இருக்கலாம். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்து பச்சையாக இருக்கும், அதோடு மேல்செடியைவிட வேகமாக வளரும். விட்டுவிட்டால் நாலைந்து ஆண்டில் அதுவே வீட்டுக்காரர் ஆகிவிடும். மண்ணை விலக்கி அது கிளம்பும் இடம் வரை போய், இளசாக இருக்கும்போதே பிய்த்து எடுங்கள். தரை மட்டத்தில் கத்தரித்தால் ஒன்றுக்கு நாலாக வரும்.

ஒரு கிளை மட்டும் வாடித் தொங்குகிறது

இந்தச் செடிக்கு வரக்கூடிய பெரிய சங்கடம் இது. கோடை நடுவில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஒரு கிளையின் இலைகள் துவண்டு, ஓரம் மடிந்து, காய்ந்து தொங்கும். பல நேரம் இலை உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கிளை ஒன்றும் நடக்காதது போல நிற்கும்.

முதலில் எளிய காரணங்களைக் கழித்துவிடுங்கள். புகைச்செடியின் கட்டை முறியக்கூடியது. காற்றில் கவட்டையில் பிளந்திருக்கலாம், புல்வெட்டும் இயந்திரம் அடிப்பட்டையைச் சீவியிருக்கலாம். கிளையை அடி முதல் நுனி வரை விரலால் தடவி வாருங்கள்.

ஒன்றும் இல்லையென்றால் வெட்டிப் பார்க்க வேண்டும். வாடிய கிளையில், விரல் தடிமன் உள்ள இடத்தில், கூரான கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். இந்தச் செடியின் நடுக்கட்டை இயல்பாகவே மஞ்சளாக இருக்கும். ஒரு காலத்தில் சாயம் எடுத்த கட்டைதான் இது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது பட்டைக்கு உடனே உள்ளே இருக்கும் வெளிறிய வளையத்தை. அங்கே பாசிப்பச்சையோ பழுப்போ கலந்த புள்ளிகள், அரைகுறை வளையம் இருக்கிறதா? பட்டையைச் சற்று உரித்தால் அதே நிறம் கோடுகளாகக் கிளை நெடுக ஓடுகிறதா? சந்தேகமாக இருந்தால் நலமாக உள்ள ஒரு கிளையையும் அதே தடிமனில் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது தெரியாத வித்தியாசம் சேர்த்து வைத்தால் பளிச்சென்று தெரியும்.

கோடு இருந்தால் அது வெர்ட்டிசிலியம் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மண்ணில் வாழும் பூஞ்சை இது. வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைத்துவிடுகிறது. அதனால்தான் மண்ணில் தண்ணீர் இருந்தும் அந்தக் கிளைக்குத் தாகம். எந்த வேர் பாதிக்கப்பட்டதோ அந்த வேர் ஊட்டும் பக்கம் மட்டும் வாடுகிறது.

தெளித்துக் குணப்படுத்த மருந்து கிடையாது. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் கை கட்டி நிற்கவும் வேண்டாம். வாடிய கிளையைக் கோடு தெரியாத இடம் வரை பின்னுக்குப் போய் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டிய கிளையைத் துண்டாக்கி மூடாக்காகப் போடவோ மக்கு உரக் குழியில் சேர்க்கவோ கூடாது. தழைச்சத்தை நிறுத்துங்கள். வறண்ட வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தூரைச் சுற்றிக் கொத்துவதையும் நிறுத்துங்கள், ஏனென்றால் காயம்பட்ட வேர்தான் பூஞ்சைக்கு வாசல். சில செடிகள் அடைபட்ட குழாய்களை ஒதுக்கிவிட்டு வெளியே புது வளையம் போட்டுப் பிழைத்துக்கொள்ளும். பாதிப் புதருக்கு மேல் போய்விட்டாலோ, அடுத்தடுத்து இரண்டு கோடையில் புதுக்கிளைகள் விழுந்தாலோ எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எடுத்த குழியில் இன்னொரு புகைச்செடியை நடுவது பணத்தைப் புதைப்பதற்குச் சமம். பூஞ்சையின் கடினமான சிறு உருண்டைகள் மண்ணில் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மேப்பிளும் வேண்டாம். தக்காளி, உருளை, கத்தரி, ஸ்ட்ராபெரி எல்லாமே இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பவை. பழைய காய்கறிப் பாத்தியைப் பூந்தோட்டமாக மாற்றிய இடத்தில் இந்த நோய் தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஊசியிலைச் செடிகளும் புல், மூங்கில் வகைகளும் இதற்கு மசியாது; அந்தக் குழிக்கு அவைதான் சரி.

செடி முழுவதும் வாட்டம், ஆனால் மண் ஈரம்

ஒரு கிளையோடு நிற்காமல் செடி முழுக்கச் சோர்ந்து, இலை சிறுத்து, வெளிறி, நுனியிலிருந்து காய்ந்து வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி தேங்கிய நீரைத் தாங்காது. பார்க்க இரண்டும் ஒரே வாட்டம்தான். அதனால் வாடியதைப் பார்த்துத் தண்ணீர் விடுவோம், அது இன்னும் வாடும், இன்னும் விடுவோம்.

விரலை உள்ளங்கை ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்து, புளித்த வாடை அடித்தால் உடனே தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு வடிகால் சோதனை. செடிக்குச் சற்றுத் தள்ளி ஓர் அடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி, முழுதும் வடிய விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடம் இந்தச் செடிக்கு ஆகாது. இலை உதிர்ந்து உறங்கும் பருவத்தில் தூக்கி, ஓர் அடி உயர மேட்டில் நடுங்கள். குழியின் அடியில் சரளைக்கல் போட்டால் வடியும் என்று நம்புகிறவர்கள் உண்டு. களிமண்ணுக்குள் அது வெறும் கிணறு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று: செடி ஆழமாக நடப்பட்டிருக்கிறதா? தண்டு தரையைத் தொடும் இடத்தில் சற்று விரிந்து வேராகப் பிரிய வேண்டும். மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஆழம் அதிகம். தண்டின் மேல் குவித்த மண்ணையும் மூடாக்கையும் கையால் விலக்கி, விரியும் இடம் தெரியும்படி விடுங்கள்.

வசந்தம் வந்துவிட்டது, செடி துளிர்க்கவில்லை

பொறுங்கள். தோட்டத்தில் கடைசியாக எழுந்திருக்கிற கும்பகர்ணன்களில் இதுவும் ஒன்று.

என் முதல் புகைச்செடியை இந்த அவசரத்தில்தான் கெடுத்தேன். மற்றதெல்லாம் இலை விட்டு இரண்டு வாரமாகிவிட்டது. இது மட்டும் காய்ந்த விறகு போல நின்றது. செத்துவிட்டது என்று முடிவு கட்டி மண்வெட்டியோடு போய் ஒரு பக்கம் தோண்டி, ஒரு வேரை அறுத்தும் விட்டேன். குனிந்தபோது நகம் பட்டுத் தண்டில் ஒரு கீறல் விழுந்தது. உள்ளே ஈரப் பச்சை. தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினேன். பத்து நாளில் துளிர்த்தது, ஆனால் நான் அறுத்த பக்கம் அந்த ஆண்டு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

அந்த நகக் கீறல்தான் சோதனை. நுனியில் தொடங்கி அரை அடிக்கு ஒரு கீறல் என்று கீழே வாருங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர். வைக்கோல் நிறமும் உலர்ச்சியும் தெரிந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. நுனி மட்டும் காய்ந்திருந்தால் முற்றாத தண்டைக் குளிர் சுட்டிருக்கிறது. பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு மொட்டுக்கு மேல் வெட்டிவிடலாம். தரை வரை பச்சையே இல்லாவிட்டாலும் கோடைத் தொடக்கம் வரை தூரைப் பிடுங்க வேண்டாம். அங்கிருந்து புதுப் போத்து கிளம்பலாம்.

துளிர்த்த பிறகு ஒரு பின்பனி வந்து கொழுந்தெல்லாம் கறுத்துவிட்டால் பதறி உரம் போடாதீர்கள். பக்க மொட்டுகள் மூன்று நான்கு வாரத்தில் எழும். எதுவரை உயிர் இருக்கிறது என்று அவை காட்டிய பிறகு கத்தரிக்கலாம்.

இலையில் வெள்ளைப் பொடி

கோடைக் கடைசியில் இலைமேல் மாவு தூவினாற்போலத் தெரிந்தால் சாம்பல் நோய். கருஞ்சிவப்பு வகைகளில் சட்டென்று கண்ணில் படும். காய்ந்த வேர், அசையாத காற்று, ஈரமான இரவு மூன்றும் சேர்ந்த இடத்தில் வரும். செடியைக் கொல்லாது, ஆனால் பொடி படிந்த இலை சரியாக நிறம் மாறாது என்பதால் நமக்கு நஷ்டம்தான். புதரின் நடுவில் நெருக்கமாக உள்ள தண்டுகளைக் குளிர்காலக் கடைசியில் களைந்து காற்று போக வழி செய்யுங்கள். நோய் கண்ட இலை உதிர்ந்ததும் கூட்டி அள்ளிவிடுங்கள். இலை உதிர நாலைந்து வாரமே இருக்கும்போது மருந்து தெளிப்பது வீண் வேலை.

இலை ஓரம் கருகுகிறது, இலை கோணிக்கொள்கிறது

ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் பெரும்பாலும் புதிதாக நட்ட செடியின் தாகம், அல்லது உலர்ந்த காற்று. முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். பொன்னிற வகைகள் கடும் பிற்பகல் வெயிலில் சற்றுக் கருகுவதும் உண்டு.

இலை கிண்ணம் போலக் குழிந்து, காம்பு முறுக்கிக்கொண்டு, நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கோணலாக வந்தால் புல்தரையை விசாரியுங்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து காற்றில் வந்து பட்டிருக்கலாம். உரமும் களைக்கொல்லியும் கலந்த புல்தரைப் பொடியாக இருந்தால் வேர் வழியாகவும் ஏறியிருக்கலாம். அந்தப் பருவத்து இலை நேராகாது. அடுத்து வரும் தளிர் சரியாக இருந்தால் செடி தப்பித்தது. நன்றாகத் தண்ணீர் விட்டு, அந்தப் பொடியைப் புதர்ப் பக்கம் இனிக் கொண்டு வராமல் இருந்தால் போதும்.

புகையே வரவில்லை

கவாத்து எப்படிச் செய்கிறீர்கள் என்று சொன்னால் பதில் சொல்லிவிடலாம். நாம் புகை என்று சொல்வது பூ இல்லை. பூ மிகச் சிறியது, சீக்கிரம் உதிர்வது. காய்க்காத பூக்களின் காம்புகள் நீண்டு, மெல்லிய மயிர் முளைத்து நிற்பதுதான் புகை. அந்தக் கொத்து முதிர்ந்த கட்டையில்தான் வரும். ஆண்டுதோறும் தூரை ஒட்டி வெட்டினால் முதிர்ந்த கட்டையே மிஞ்சாது.

அதற்காக அப்படி வெட்டுவது தவறு என்று சொல்ல மாட்டேன். குளிர்காலக் கடைசியில், மொட்டு வெடிப்பதற்கு முன், எல்லாத் தண்டையும் ஓரிரு அடிக்கு வெட்டிவிட்டால் அந்தக் கோடையில் ஆள் உயரத்துக்குப் புதுத்தண்டு எழும். இலையும் வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். இலைக்காக வளர்க்கிறவர்களுக்கு இது நல்ல வழி. புகையும் வேண்டும் என்றால் வெட்டாமல் விட வேண்டும். வெட்டாமல் விட்டால் 10, 15 அடிக்கு உயர்ந்து, கால் போன போக்கில் கிளை நீட்டும். நடுவழி ஒன்று உண்டு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை, மிக வயதானவையாகப் பார்த்து, தூரோடு எடுங்கள். மிச்சத்தில் கொஞ்சம் புகை, புதுத் தண்டில் பெரிய இலை. நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன், இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. அடியோடு வெட்டும் முறையை நட்டு மூன்று ஆண்டாவது ஆன செடியில் மட்டும் செய்யுங்கள்; சின்னச் செடிக்குத் திரும்ப எழும்பும் அளவுக்கு வேர் இருக்காது.

வெட்டவே இல்லை, ஆனாலும் புகை இல்லை என்றால் செடி இளசு, அல்லது நிழல், அல்லது மேலே சொன்ன தழைச்சத்து.

வெட்டிய பிறகு கையில் அரிப்பு

இது செடியின் கோளாறு இல்லை, நம்முடையது. புகைச்செடி மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கினாலே மாவிலை வாடை லேசாக வரும். மாங்காய்க் காம்பை ஒடித்தால் வழியும் பால் சிலருக்குத் தோலைப் பொத்துப்போக வைப்பது போல, இதன் பிசினும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முந்திரிப் பாலும் மாம்பாலும் உங்களுக்கு ஆகாது என்று தெரிந்திருந்தால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் கவாத்துக்கு இறங்க வேண்டாம். பிசின் பட்டால் காய்வதற்குள் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். கத்தரிக்கோலையும் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். பிசின் காய்ந்தால் அடுத்த முறை கத்தரி திறக்க அடம்பிடிக்கும்.